ஒரே பேப்பர்... இரண்டு தீர்ப்பு!

ஆராய்ச்சி மாநாடு என்றால் மேடை, மைக், மதிய சாப்பாடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நிகழ்ச்சிக்குழுவின் தலைவலி பல மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். வந்து குவியும் கட்டுரைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

2014-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு செயற்கை நுண்ணறிவு மாநாடு. இன்று அதன் பெயர் நியூரிப்ஸ். நிகழ்ச்சித் தலைவர்கள் கொரின்னா கோர்ட்டெஸும் நீல் லாரன்ஸும் ஒரு விஷப்பரீட்சையில் இறங்கினார்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 166 கட்டுரைகள், தனித்தனியே இரண்டு குழுக்களிடம் போயின.

ரிசல்ட்? சுமார் நான்கில் ஒரு கட்டுரைக்கு ஒரு குழு 'ஓகே' சொல்ல, இன்னொரு குழு 'நோ' சொன்னது. அவ்வளவுதானே என்கிறீர்களா? மொத்தத்தில் தேர்வாவதே ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்தான். அதனால், ஒரு குழு ஏற்றதில் பாதிக்கு மேல் இன்னொரு குழுவிடம் அவுட்! இந்த 'நோ'வில் ஓர் ஆய்வு மாணவரின் ஒரு வருட உழைப்பு, அடுத்த வேலை எல்லாமே தொங்குகிறது.

தங்கள் வீட்டுக் குறையைத் தாங்களே வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்கு ஒரு சல்யூட்! 2021-ல் மறுபடி சோதித்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அதே வருடம் இருவரும் பழைய கட்டுரைகளையும் தேடிப் பார்த்தார்கள். தேர்வான கட்டுரைகளுக்கு நடுவர்கள் போட்ட மார்க்குக்கும், பின்னாளில் மற்ற ஆய்வாளர்கள் அவற்றை எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லையாம்!