களைத்துப்போன தையல்காரி என்றொரு பிம்பம்

ரோசா பார்க்ஸ் கதை தோழர்கள் எல்லாருக்கும் தெரியும். மேடையில நாமே சொல்லியிருக்கோம். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரி பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார், அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. இந்தக் கதையை இப்படி வெட்டி ஒட்டியது யார்?

1955 டிசம்பர் 1இல், அலபாமா மாநிலத்து மாண்ட்கமரியில் கைதானபோது பார்க்ஸுக்கு வயது 42. அன்றைக்கு உடற்களைப்பு எதுவும் இல்லை என்று அவரே பின்னாளில் மறுத்திருக்கிறார். 1943 முதலே என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் வேலை செய்தவர். 1944இல் வெள்ளையர் கூட்டாக வல்லுறவு செய்த ரெசி டெய்லருக்கு நியாயம் கேட்டு அபவில் ஊருக்கே போனவர். இந்த அரசியல்காரி காணாமல் போய்விட்டார். பாடப்புத்தகத்தில் மிஞ்சியது சாந்தமான தையல்காரி மட்டும்.

அதே ஊர், அதே ஆண்டு, மார்ச் 2. கிளாடெட் கால்வின், 15 வயசுப் பள்ளிக்கூடத்துப் பொண்ணு. எந்திரின்னாங்க, எந்திரிக்கல. போலீஸ் விலங்கு மாட்டிக் கொண்டுபோனது. போலீஸ்காரரைத் தாக்கினாள் என்று வழக்கு வேறு! தலைவர்கள் கூடிப் பேசினார்கள், இவளை முன்னிறுத்த வேண்டாம் என்றார்கள். சின்னப் பொண்ணு, கோபக்காரி, ஏழைக் குடியிருப்பு. பிறகு மணமாகாமலே கர்ப்பம். தன் கருத்த நிறமும் ஒரு காரணம் என்று கால்வின் பிற்காலத்தில் சொன்னார். அக்டோபரில் கைதான 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித்தையும் ஒதுக்கினார்கள். அப்பா குடிகாரராம். மகள் அதை மறுத்திருக்கிறார், யாரு கேட்டா?

தலைவர்களின் பயம் பொய்யல்ல. கறுப்புப் பெண் என்றால் ஒழுக்கம் கெட்டவள் என்பது, அடிமைக்கால எஜமானர்கள் தங்கள் வல்லுறவை மறைக்கக் கட்டிய கதை. பத்திரிகையும் நீதிமன்றமும் அதை வைத்துக் கிழிக்கக் காத்திருந்தன. அந்தக் கதையை உடைக்கத்தான் 'கண்ணியமான' பெண்ணைத் தேடினார்கள். தேடும்போதே வெள்ளையரின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நல்லவன்னு நிரூபிச்சாத்தான் அவளுக்கு நடந்தது அநியாயமாகுமா? 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தவர்களில் ஏராளமானோர் வெள்ளையர் வீடுகளில் சமைத்த, துவைத்த பெண்கள். கால்கடுக்க நடந்த அவர்களில் எத்தனை பேர் இந்த அளவுகோலில் தேறியிருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. மாண்ட்கமரி பேருந்துகளின் நிறப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்தது பார்க்ஸ் வழக்கு அல்ல, 1956இன் பிரௌடர் எதிர் கேல் வழக்கு. வாதிகள் நான்கு பெண்கள். ஒதுக்கப்பட்ட கால்வினும் ஸ்மித்தும் அதில் இருந்தார்கள். பிள்ளை பெற்ற சில வாரங்களில் கால்வின் சாட்சிக்கூண்டு ஏறினாள். நவம்பர் 13இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. மேடைக்கு ஆகாதவள் சாட்சிக்கு ஆனாள்!

பார்க்ஸைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. அவரும் வேலையை இழந்தார், 1957இல் ஊரைவிட்டே டெட்ராய்ட் போனார். அவரிடமிருந்த கோபத்தையும் அரசியலையும் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கறுப்புப் பெண்களுக்கு இலக்கணமாக வைத்தார்களே, அதைத்தான் கேட்கிறோம். வாயைத் திறக்கிற ஒவ்வொரு கறுப்புப் பெண்ணிடமும் 'பார்க்ஸ் மாதிரி இரு' என்று சொல்ல அது வசதியாகப் போயிற்று. எந்த பார்க்ஸ்?

கால்வின் நியூயார்க் போய், முதியோர் இல்லமொன்றில் செவிலியர் உதவியாளராக 35 ஆண்டு வேலை பார்த்தார். அந்த 1955 வழக்குப் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021இல். அப்ப அவருக்கு வயசு 82.