தட்டைப்பாதத்துக்குக் கத்தி தேவையா?

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் ஈரமணலில் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். பெரும்பாலோரின் சுவட்டில் உள்பக்கம் ஓரிடம் பதியாமல் வளைந்திருக்கும். சிலருடைய சுவட்டிலோ பாதம் முழுவதும் பதிந்திருக்கும். இதுவே தட்டைப்பாதம். "பையனுக்குப் பாதம் சப்பை; போலீசிலும் பட்டாளத்திலும் எடுக்கமாட்டார்களாம்; ஆபரேஷன் செய்துவிடலாமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. வலி தராத, வளைந்து கொடுக்கும் தட்டைப்பாதத்துக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

பாதத்தின் வளைவை வில்லுக்கு ஒப்பிடலாம். எலும்புகள் வில்லின் கழி; அவற்றை அடியில் இழுத்துப் பிடிக்கும் நார்கள் நாண். பாரம் ஏறினால் வில் சற்றுத் தட்டையாகும், நீங்கினால் நிமிரும். 70 கிலோ எடையுள்ளவர் ஓடும்போது இந்த வில் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 17 ஜூல் ஆற்றலைச் சேமித்து, பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் குழுவினர் 1987இல் கண்டறிந்தது இது.

குழந்தைகளுக்கு நார்கள் தளர்ந்திருக்கும். உள்ளங்காலில் கொழுப்பும் மிகுதி. ஆகவே நடை பழகும் வயதில் அநேகமாக எல்லாருக்கும் தட்டைப்பாதமே. பத்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு வளைவு தானாக உருவாகிவிடும். சிலருக்கு உருவாவதில்லை, அதனால் மட்டும் அவர்கள் நோயாளிகளாகிவிட மாட்டார்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள். தட்டைப்பாதம் உள்ள நண்பரை நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு தோன்றினால் அது வளைந்து கொடுக்கும் பாதம். தோன்றாமல் விறைத்தே இருந்தால் எலும்புகள் ஒட்டியிருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காலணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? மணிப்பாலைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் காற்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி அணிவோரில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம், அணியாதோரில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் இது அதிகம். அதற்காக முள்ளிலும் கண்ணாடித் துண்டிலும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வீட்டிலும் மணலிலும் கால்கள் சுதந்திரமாக இருக்கட்டும்.

விலை கொடுத்து வாங்கும் சிறப்புக் காலணி வளைவை உண்டாக்குமா? அமெரிக்காவில் வெங்கர் குழுவினர் சிறு குழந்தைகளைப் பிரித்து, சிலருக்குச் சிறப்புக் காலணியும் சிலருக்குச் சாதாரணக் காலணியும் கொடுத்து மூன்றாண்டுகள் கவனித்தார்கள். 1989இல் வந்த முடிவு: இரு சாராரின் பாதமும் ஒரேபோல் தேறியிருந்தது!

இனி அறுவைச் சிகிச்சை. குதிகால் எலும்பை வெட்டி இடையில் எலும்புத் துண்டு வைத்து நீட்டுவது ஒரு முறை. கணுக்காலுக்குக் கீழுள்ள இடைவெளியில் சிறு திருகைப் பொருத்துவது மற்றொன்று. தொற்று, வலி, திருகு இடம் பெயர்தல் ஆகிய ஆபத்துகள் இவற்றில் உண்டு. குதிநாண் இறுகி, நடந்தால் வலித்து, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சிகளும் பலன் தராதபோது இந்தச் சிகிச்சை உண்மையிலேயே உதவும். அப்போது அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முடிவு செய்ய வேண்டியது வலி, சுவட்டின் வடிவமன்று.

வேலைக் கவலைக்கு வருவோம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் தேர்வு அறிவிப்புகள் தட்டைப்பாதம் கூடாது என்கின்றன. விமானப் படையின் மருத்துவ விதியோ, நுனிக்காலில் வளைவு தோன்றி, வலியின்றி ஓடவும் குதிக்கவும் முடிந்தால் ஏற்கலாம் என்கிறது. இதுவே அறிவியலுக்குப் பொருந்துவது. கனடாவில் ஹாரிஸ், பீத் இருவரும் ஏறத்தாழ 3,600 படைவீரர்களை ஆராய்ந்து, குதிநாண் இறுகாத, வளைந்து கொடுக்கும் தட்டைப்பாதத்தால் தொல்லையில்லை என்று 1947இலேயே எழுதிவிட்டார்கள். எல்லாத் தேர்வுகளிலும் இதே அளவுகோல் வர வேண்டும். விதியைத் திருத்தாமல், வலியில்லாத குழந்தையின் எலும்பைத் திருத்துவது முறையாகுமா? சிந்தியுங்கள்.