பழைய பெயின்டை சுரண்டப் போறீங்களா? அமெரிக்காவில் அதற்கே தனி சட்டம்... இந்தியாவில் என்ன நிலை?

பழைய வீட்டுக்கு புது பெயின்ட் அடிக்கணும்னா, முதல் வேலை உப்புத்தாள் போட்டு தேய்ப்பதுதான். தேய்த்து முடித்ததும் தூசியை துடைப்பத்தால் பெருக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தூசியில் காரீயம் இருக்கலாம் என்பதுதான் பிரச்னை.

காரீயம் என்ன செய்யும்?

ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம், அது வேற. பெயின்டில் கலந்தது காரீயம். நிறம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும், துரு பிடிக்காமல் இருக்கவும் சேர்த்தார்கள்.

பெயின்ட் உரியாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. சுரண்டும்போதுதான் தூசியாகிறது. தரையில் தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைத்தால் காரீயம் ரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியை பாதிக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லும்படி பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

அமெரிக்க சட்டம் என்ன சொல்கிறது?

வீடுகளுக்கான காரீய பெயின்டை அமெரிக்கா 1978-ல் தடை செய்தது. ஆனால் அதற்கு முன் கட்டிய வீடுகளில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறதே? அதற்காக 2010 ஏப்ரல் முதல், புதுப்பிக்கும் வேலைக்கே தனி விதி வந்தது.

* கூலிக்கு வேலை எடுக்கும் நிறுவனம் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பயிற்சி முடித்தவர் பொறுப்பில்தான் வேலை நடக்கணும்.
* ஆபத்தை விளக்கும் கையேட்டை வேலைக்கு முன்பே வீட்டில் இருப்பவர்களிடம் தர வேண்டும்.
* ஒரு அறைக்குள் 6 சதுர அடி, வெளிப்புறத்தில் 20 சதுர அடியைத் தாண்டினால் விதி பொருந்தும். ஜன்னலை மாற்றினால் அளவு கணக்கே கிடையாது.
* நெருப்பு காட்டி பெயின்டை உரிக்கக் கூடாது. தூசியை உறிஞ்சும் வசதி இல்லாத மெஷினால் தேய்க்கவும் கூடாது.

சொந்த வீட்டில் தானே வேலை செய்பவருக்கு இந்த விதி இல்லை. ஆனால் மீறும் நிறுவனங்கள் தப்ப முடியாது. சான்றிதழ் இல்லாத ஒப்பந்ததாரர்களை பழைய வீடுகளுக்கு அனுப்பியதாக எழுந்த வழக்கில், ஹோம் டிப்போ நிறுவனம் 2020 டிசம்பரில் 2.075 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்தியாவில்?

வீட்டு பெயின்டில் காரீயம் 90 பி.பி.எம்.-ஐ தாண்டக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதாவது 10 லட்சம் பங்கில் 90 பங்கு. 2017 நவம்பரில் இது அமலுக்கு வந்தது. ஆனால் இந்த விதி கட்டுப்படுத்துவது டப்பாவில் வரும் புது பெயின்டைத்தான். ஏற்கெனவே கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கும் பழைய பெயின்டை எப்படி சுரண்டணும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. தினமும் அந்தத் தூசியிலேயே நிற்கும் பெயின்டருக்கும் இந்த விதியில் பாதுகாப்பு இல்லை. அதனால் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

* மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச் நிற பழைய எனாமல் பெயின்ட் என்றால் கூடுதல் கவனம் தேவை.
* உரியாமல் இருந்தால் சுரண்டவே வேண்டாம். கழுவி, அதன்மேலேயே அடிக்கலாம்.
* தேய்த்தே ஆகணும்னா தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்து தேய்க்கச் சொல்லுங்கள். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள்.
* துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் துணியால் துடையுங்கள்.
* வேலை முடிந்து சுத்தம் செய்யும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.
* பெயின்டருக்கு துணி மாஸ்க் போதாது, தூசியை வடிகட்டும் மாஸ்க் வேண்டும். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்து துவைக்கக் கூடாது.
* புது டப்பா வாங்கும்போது காரீயம் 90 பி.பி.எம்.-க்குள் என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தை தூசியில் விளையாடிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்பதை பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.