தை பிறக்குமுன் திரும்பிவிடும் ஞாயிறு

தை முதல் நாளன்று ஞாயிறு தன் தென்திசைப் பயணத்தை முடித்துக்கொண்டு வடக்கு நோக்கித் திரும்புகிறது என்பது பொங்கல் மலர்கள் ஆண்டுதோறும் அச்சிடும் வாக்கியம். பட்டிமன்ற மேடைகளிலும் தமிழ் வகுப்பறைகளிலும் அதுவே ஒலிக்கிறது. வானத்திலோ அன்று அப்படியொரு திருப்பம் நிகழ்வதில்லை. கதிரவன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள். அதாவது மார்கழி ஆறு, ஏழு தேதிகளில். பொங்கல் பானை பொங்கும் வேளையில் அது ஏறத்தாழ இரண்டு பாகை வடக்கே வந்துவிட்டிருக்கும்.

இந்த இடைவெளி நம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்கள். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. போதாக்குறைக்கு, பகல் நீளத் தொடங்கிய பின்பும் தை முதல் வாரம் வரை சூரியன் உதிக்கும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். ஆகவே உடம்பின் அனுபவம் பஞ்சாங்கத்தின் பக்கம் சாய்வது இயல்பு.

இதைக் கேட்டதும் இருவகைக் குரல்கள் எழக் காண்கிறோம். பஞ்சாங்கமே பொய் என்பது ஒன்று. நம் முன்னோர் நொடி பிசகாமல் கணித்தார்கள், ஆகவே அறிவியல்தான் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நம் நாட்காட்டி எதை அளக்கிறது என்று கேட்காமலே தீர்ப்பு வழங்குகின்றன.

நம்முடையது விண்மீன்களைச் சாட்சியாக வைத்த நாட்காட்டி. கதிரவன் விண்மீன்களின் பின்புலத்தில் ஒரு ராசியைக் கடந்து அடுத்ததற்குள் நுழைவதே மாதப் பிறப்பு. பருவங்களோ புவி அச்சின் சாய்வைப் பொறுத்தவை. அந்த அச்சு, சுழலும் பம்பரம் தலையாட்டுவதுபோல, ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று அசைகிறது. அதனால் விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். எழுபது ஆண்டுகளில் இது ஒரு நாளாகிவிடுகிறது. மகரத்தில் கதிர் நுழைவதும் வடக்கே திரும்புவதும் ஒன்றாக நிகழ்ந்த காலம் ஒன்று இருந்தது. கணக்கு முறைக்கேற்ப அதை கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். அன்று அந்த வாக்கியம் உண்மை. இன்று மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டது. இப்படியே போனால் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் பொங்கல் பிப்ரவரியில் வரும்.

இதனால் நம் நாட்காட்டியின் நுட்பம் குறைந்துவிடவில்லை. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். ஆனிக்கு 31 அல்லது 32. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலன்று. ஜனவரித் தொடக்கத்தில் புவி கதிரவனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் செல்கிறது. அருகில் செல்கையில் விரைந்து செல்கிறது. ஆகவே ஒரு ராசியைக் கடக்கும் காலம் குறைகிறது. கெப்ளரின் விதி எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வேறுபாட்டை நம் கணிதர்கள் மாத அளவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

திருவாதிரையும் அவ்வாறே. மார்கழியில் கதிரவன் தனுசில் நிற்க, அதற்கு நேரெதிரே முழுமதி வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தை ஒட்டி எழுகிறது. அக்கூட்டத்தின் தோளில் சிவந்து ஒளிர்வதே ஆதிரை. தில்லை ஆருத்திரா தரிசனத்தின் நாள் இவ்வாறு வானில் எழுதப்பட்டது. 2019 இறுதியில் அந்த விண்மீன் தான் உமிழ்ந்த தூசியால் மறைக்கப்பட்டு, வெறும் கண்ணுக்கே தெரியுமாறு மங்கியது. 2020 பிப்ரவரிக்குப் பிறகே பழைய ஒளிக்குத் திரும்பியது. அந்த மார்கழியில் திருவாதிரைக் களி உண்டவர்களில் எத்தனை பேர் தலைநிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

இலக்கிய வாசகர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு. திருப்பாவை தொடக்கத்திலேயே மார்கழியின் முழுநிலா நாளைச் சுட்டுகிறது. நம் நாட்காட்டியின் மார்கழி முதல் தேதியில் முழுநிலா வருவது அரிது. பாடலில் மதியின் கணக்கும், அதை நாம் ஓதும் முறையில் கதிரின் கணக்கும் இருக்கின்றன என்பதை அறியாமல் அந்த நோன்பின் காலத்தைப் பேச இயலாது. அதே நூல் வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் குறிப்பதைக் கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார். உழைப்பு பெரிது. ஆயினும் வெள்ளியின் கோலம் 8 ஆண்டுக்கு ஒருமுறையும் வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பி வருவன. அத்தகைய விடியல் ஒரு நூற்றாண்டில் சில முறையேனும் வாய்க்கும். ஆகவே வானம் தரும் சான்று மொழியும் வரலாறும் தரும் சான்றோடு சேர்ந்தே நிற்கவேண்டும்.

அப்படியானால் பொங்கலை டிசம்பருக்கு மாற்றிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22இல், கதிர் திரும்பும் நாளை ஒட்டியே, பிறக்கிறது. கணக்கு செம்மையானது, மக்கள் வாழ்வில்தான் அது வேர்விடவில்லை. தமிழ்நாட்டில் தை முதல் நாளை ஆண்டுப் பிறப்பாக்கிய 2008ஆம் ஆண்டுச் சட்டமும் 2011இல் நீக்கப்பட்டது. அந்த விவாதத்தில் இரு தரப்பும் நூல்களை அடுக்கின; கதிர் எங்கே நிற்கிறது என்ற கேள்வி மட்டும் ஓரத்திலேயே கிடந்தது. பொங்கல் அறுவடையின் விழா, உழவரின் நன்றி. நெல் விளைவது அயனத்தைக் கேட்டு அன்று. விழா தன் நாளில் நிற்கட்டும்.

மாறவேண்டியது அந்த வாக்கியம் மட்டுமே. தை முதல் நாள் கதிரவன் மகரத்துள் நுழையும் நாள் என்று சொல்வோம். வடக்கே திரும்பும் நாள் மார்கழியில் வந்துபோகிறது என்று அதன் அருகிலேயே சொல்வோம். ஓர் ஆண்டு முழுதும் மாதம் ஒருமுறை, சூரியன் எந்த மரத்துக்கு மேலே, எந்த வீட்டு மாடிக்குப் பின்னே உதிக்கிறது என்று மாணவர் குறித்துவைத்தால் போதும்; ஏன் இந்த இரண்டும் வேறு நாட்கள் என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஆயத்தம் தமிழாசிரியரிடமும் இருக்கவேண்டும். இல்லையேல், இது பொய்யென்று நாளை இயற்பியல் வகுப்பில் அறியும் பிள்ளை, அந்த வாக்கியத்தோடு சேர்த்துத் திருவாதிரையையும் திருப்பாவையையும் ஐயுறத் தொடங்கும்.