திறமைதான், ஆனால் யாருடைய திறமை?

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். 86-ஆம் வருஷம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

தீபத்துக்கு ஊருக்கு வந்த அந்த வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கிரிவலம் முடித்துவிட்டு அடி அண்ணாமலையில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் என்கிறேன், எல்லோருக்கும் 53 வயது ஆகிறது. அதில் ஒருவர் போனை எடுத்து, பெங்களூர் குதிரைப் பந்தயத்தில் போன மாதம் எவ்வளவு கட்டினார், எவ்வளவு வந்தது என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார். "சார், இது சூதாட்டம் இல்லை. ஸ்கில். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. நீங்க அந்தக் காலத்து ஆளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை நாற்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இரண்டையும் சொல்கிறேன்.

1986 பிப்ரவரி. வண்டலூர் உயிரியல் பூங்கா திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நம் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டம். மாமல்லபுரம், வண்டலூர், ராத்திரி சென்னையில் ஒரு சத்திரத்தில் தங்கல், மறுநாள் மெரினா, மியூசியம் என்று இரண்டு நாள் சுற்றுலா போடலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். ஆளுக்கு 30 ரூபாய். 38 பேர் கொடுத்தீர்கள். 1,140 ரூபாய். என் சம்பளமே ஆயிரத்தைத் தொடாத காலம். சிலருடைய வீட்டில் அந்த முப்பது ரூபாய் மூன்று தவணையாக வந்தது. சில்லறையாகக் கொண்டுவந்து மேஜையில் கொட்டிய பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சத்திரத்துக்கு முன்பணம் கட்ட ஒரு சனிக்கிழமை சென்னைக்குக் கிளம்பினேன். வாடகை அறையில் பணத்தை வைத்துவிட்டுப் போகப் பயம், முழுப் பணத்தையும் பையில் எடுத்துக்கொண்டேன். செஞ்சி, திண்டிவனம், தாம்பரம் வழியாகப் போகிற பஸ். கிண்டியில் இறங்கி ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்த நண்பனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அவன் மத்தியானம் ரேஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "சும்மா வந்து பாருடா" என்றான்.

சும்மாதான் பார்த்தேன், முதல் ரேஸ் வரைக்கும்.

அந்த இடத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அழகாக இருந்தது. பச்சைப் புல், வெள்ளை வேலி, பளபளவென்று தேய்த்துவிட்ட குதிரைகள், கலர் கலராகச் சட்டை போட்ட ஜாக்கிகள். நண்பன் கையில் ஒரு நோட்டு. எந்தக் குதிரை எந்த வருஷம் எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை கிலோ சுமந்தது, மழை பெய்த தரையில் எப்படி ஓடும் என்று ஆறு வருஷக் குறிப்பு, கோடு போட்டு அழகான கையெழுத்தில். பாடக் குறிப்பேடு அவன் அவ்வளவு ஒழுங்காக எழுதியதே இல்லை. அவன் சொன்ன குதிரை மேல் என் சொந்தக் காசு 20 ரூபாய் கட்டினேன். 90 ரூபாய் வந்தது.

அன்றைக்கு என்னைக் கெடுத்தது அந்த 90 ரூபாய்தான். திருக்குறளில் சூது அதிகாரத்தை உங்களுக்கு நானே நடத்தியிருக்கிறேன். வள்ளுவர் மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுவது சூதில் வருகிற வெற்றியை. வகுப்பில் அதைப் பொருள் சொல்லிவிட்டுப் போனவன், கிண்டியில் 90 ரூபாயை எண்ணியபோது ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இரண்டாவது ரேஸில் அந்த 90 போனது. மூன்றாவதில் பையைத் திறந்தேன். விட்டதை எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்ற நினைப்புதான். குடிக்கிறவர்கள் சொல்கிற அதே வசனம். ஐந்தாவது ரேஸில் நண்பன் நோட்டைப் பார்த்து அடித்துச் சொன்ன குதிரை கடைசி நூறு மீட்டர் வரை முன்னால் வந்து, இரண்டாவதாகப் போனது. நான் கத்திக்கொண்டிருந்தேன். வாத்தியார் என்பது மறந்துவிட்டது. ஏழு ரேஸ் முடிந்து வெளியே வந்தபோது பையில் 270 ரூபாய் இருந்தது. 870 போய்விட்டது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. குதிரைகள் ஒழுங்காக ஓடின, ஜெயித்தவர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுத்தார்கள். தப்பு முழுக்க என்னுடையது.

சத்திரத்துக்குப் போகவில்லை. ராத்திரி பஸ் பிடித்து அம்மாவிடம் வந்தேன். பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும் என்று வளர்த்த கிடேரியை 700 ரூபாய்க்கு விற்றார். விற்ற அன்று, "எடுத்த கை வெளங்காம போவ" என்று மண்ணை வாரித் தூற்றினார். அதற்கப்புறமும் பல வருஷம், யாராவது பஸ்ஸில் பணம் தொலைத்த கதை சொன்னால், அம்மா என் கதையைச் சொல்லி அந்தத் திருடனைச் சபிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் இறக்கும்வரை சொல்லவில்லை. தங்கச்சி, உனக்கும் இப்போதுதான் தெரியும். மன்னித்துவிடு.

இன்னும் 170 ரூபாய் குறைந்தது. சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை, ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று உங்களிடம் சொன்னேன். மாமல்லபுரமும் வண்டலூரும் பார்த்தீர்கள். மெரினா இல்லை, மியூசியம் இல்லை. கடல்தான் மாமல்லபுரத்திலேயே பார்த்தாச்சே என்று உங்களையே சமாதானப்படுத்தினேன். 170-ஐ 38-ஆல் வகுத்தால் ஆளுக்கு நாலு ரூபாய் நாற்பத்தேழு காசு. அது நான் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம்.

இனி அந்த "ஸ்கில்" விஷயத்துக்கு வருகிறேன்.

சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மை. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல், நான் தோற்ற அதே வருஷம், ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. முதல் சட்டம் போட்டது கலைஞர் ஆட்சி, இரண்டாவது எம்.ஜி.ஆர். ஆட்சி. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் ஒத்துப்போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரி 12-இல் தீர்ப்பு வந்தது. குதிரையின் வேகம், அதற்குக் கொடுக்கும் பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம், இதையெல்லாம் எடைபோட்டுப் பணம் கட்டுவது, இவையெல்லாம் திறமை சார்ந்தவை, ஆகவே இது சட்டம் சொல்கிற சூதாட்டம் ஆகாது என்றார்கள். ரம்மியும் திறமை ஆட்டம் என்று 1967-லேயே சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போன் ரம்மியும் வந்தது. 2021-இல் தமிழ்நாட்டின் ஆன்லைன் தடைச் சட்டம் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. நீதியரசர் சந்துரு குழுவுக்குப் பிறகு இன்னொரு சட்டம் போட்டார்கள். 2023 நவம்பரில் அந்தச் சட்டம் நின்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தடைப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டன.

நீதிபதிகளோடு சண்டை போட நான் வக்கீல் இல்லை, பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியர். அவர்கள் பார்த்தது, இது எந்தச் சட்டத்தில் அடங்கும் என்பதை. நாம் வீட்டில் பார்க்க வேண்டியது, பணம் எங்கே போகிறது என்பதை. அதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

100 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கட்டுகிறார்கள். 1,000 ரூபாய். நடத்துகிறவர் பங்கு, வரி எல்லாம் முதலிலேயே வெட்டிவிடுவார்கள். வெட்டு இடத்துக்கு இடம் மாறும், கணக்குக்காக 100-க்கு 20 என்று வையுங்கள். மீதி 800 ரூபாயைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த நூறு பேரும் ஒன்றும் தெரியாதவர்களாக இருந்தாலும் 800. நூறு பேரும் குதிரைகளைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கியவர்களாக இருந்தாலும் அதே 800. திறமை அந்தத் தொகையை ஒரு பைசா கூட்டாது. பக்கத்தில் நிற்கிறவன் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு என் பைக்கு வரும் என்பதை மட்டும்தான் அது மாற்றும்.

அந்த 80-ஐ எடுத்து அடுத்த ரேஸில் கட்டுங்கள். 64 ஆகும். பிறகு 51, 41, 33, 26. ஏழாவது ரேஸ் முடியும்போது 100 ரூபாய் 21 ரூபாய் ஆகியிருக்கும். என் 1,140-க்கு இந்தக் கணக்குப்படி 239 மிஞ்ச வேண்டும். கையில் இருந்தது 270. நான் சராசரியைவிட 31 ரூபாய் திறமைசாலி! இப்போது அந்தச் சலுகையும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம் தனி.

"சார், ஜெயிக்கிறவங்களும் இருக்காங்களே?" இருக்கிறார்கள். ஆறு வருஷம் நோட்டு எழுதிய என் நண்பனைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் பிறகு என்ன ஆனான் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவன் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

நம் மலைக்கே ஒரு குதிரைக் கதை உண்டு. தலபுராணம். வஜ்ராங்கதப் பாண்டியன் குதிரை மேல் ஏறி ஒரு புனுகுப்பூனையைத் துரத்தினான். பூனை மலையைச் சுற்றி ஓடியது, குதிரையும் பின்னாலேயே ஓடியது. சுற்றி முடித்ததும் இரண்டும் விழுந்து, சாபம் நீங்கி, வித்யாதரர்களாக எழுந்து போய்விட்டன. ராஜா தரையில் கிடந்தான். நீ குதிரை மேல் உட்கார்ந்துதானே வந்தாய், நடந்தாயா என்று கேட்டு, கிரிவலம் நடக்கச் சொன்னார்கள். குதிரை ஓடியது குதிரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மேலே உட்கார்ந்திருந்த ராஜாவுக்கே ஒன்றுமில்லை என்றால், வேலிக்கு வெளியே டிக்கெட்டோடு நிற்கிறவனுக்கு என்ன? திறமை குதிரைக்கு இருக்கிறது, ஜாக்கிக்கு இருக்கிறது, பயிற்சி கொடுக்கிறவருக்கு இருக்கிறது. திண்ணையில் போனைத் தேய்க்கிற உனக்கு, கோபித்துக்கொள்ளாதே, அது கடன் வாங்கிய வார்த்தை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிண்டியில் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விட்ட நிலம் 160 ஏக்கருக்கு மேல். 99 வருஷக் குத்தகை. குத்தகைப் பத்திரத்தின்படி வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. பேப்பரில் படித்தபோது எனக்குக் கண் இருட்டியது. நான் ஒரே சாயங்காலத்தில் விட்டது 870. சென்னை நகரத்தில் 160 ஏக்கருக்கு ஒரு வருஷ வாடகையைவிட, ஒரு கிராமத்து வாத்தியார் கொண்டுபோன பிள்ளைகள் காசு அதிகம். பிறகு வாடகைப் பாக்கி 730 கோடிக்கு மேல் என்று அரசு கேட்டது, வழக்கு நடந்தது, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவித்தார்கள். அரசாங்கமும் பெரிய யோக்கியம் இல்லை. 1968-இல் லாட்டரி ஆரம்பித்து அதுவே டிக்கெட் விற்றது. 2003-இல்தான் அந்தக் கடைகள் எல்லாம் மூடின. நம் பஸ் ஸ்டாண்டு எதிரில் சுரண்டல் சீட்டைச் சுரண்டிக்கொண்டு நின்றவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு ஆன்லைன் பண விளையாட்டுக்குப் போட்ட சட்டத்தில், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்கவே இல்லை. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடினால் தடை என்று எழுதிவிட்டார்கள். எத்தனை நாள் நிற்குமோ. ஆனால் வரையறை சரியாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டிருந்தால் 1986-லேயே அதைத்தான் சொல்லியிருப்பார்.

திண்ணையில் பேசிய தம்பிக்கு: பெயர் போடவில்லை, பயப்படாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு வா. ஒரு வருஷத்தது. கட்டினது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். ஜெயித்த நாள் மட்டும் வேண்டாம், எல்லா நாளும். நான் கூட்டிக் கழித்துக் கொடுக்கிறேன். சிவப்பு மைப் பேனா இன்னும் வீட்டில் இருக்கிறது.

அந்த 38 பேரும் வீட்டுப் பக்கம் வரும்போது நாலு ரூபாய் நாற்பத்தேழு காசை வாங்கிக்கொண்டு போங்கள். காசு இப்போது செல்லாது, ஐந்து ரூபாயாகத் தருகிறேன். வட்டி கேட்காதீர்கள்.