குக்கர் வால்வும் இருதய வால்வும்

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது, சகோதரிகளே! பிரஸ்டீஜ் குக்கர் செய்யும் டி.டி.கே. குழுமம்தான் திருவனந்தபுரத்தில் இருதய வால்வும் செய்கிறது.

இருதயத்தில் நாலு வால்வுகள் உண்டு. ரத்தத்தை ஒரே பக்கமாக விடும் கதவுகள் அவை. சின்ன வயசில் தொண்டைப் புண் வந்து, பிறகு ஜுரமும் மூட்டு வீக்கமுமாகப் படுத்தும் ருமாட்டிக் ஜுரம் இந்தக் கதவுகளைக் கெடுத்துவிடும். முன்பெல்லாம் மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுபடியாகிற விலையா அது?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இருந்த அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான், அதை இங்கேயே செய்வதென்று முனைந்தார். டாக்டர் மட்டும் போதுமா? ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடவேண்டிய கதவாயிற்றே! வடிவமைக்க இன்ஜினீயர், ரத்தத்தில் அரிக்காத உலோகத்துக்கு ஒரு நிபுணர், தேயாத பிளாஸ்டிக்குக்கு ரசாயனம் படித்தவர் என்று பலரும் சேர்ந்தார்கள். அரச குடும்பம் கொடுத்த பூஜப்புரை அரண்மனைதான் அவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடம். செம்மறியாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றுப்போயின. மனம் தளராமல் நாலாவதைச் செய்தார்கள். கோபால்ட்-குரோமியம் வளையம், நடுவே பிளாஸ்டிக் தட்டு, தைத்துப் பொருத்தச் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1995 முதல் தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வந்தது. இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள்.

என் நாத்தனார் மகளுக்கும் இந்த வால்வுதான். ராத்திரி பக்கத்தில் படுத்தால் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று கேட்கும். அவளைப் பார்த்து நான் தெரிந்துகொண்டவை இவை:

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிடவேண்டும். டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை அவசியம். ஒரு வாரம் கீரையாகவே சமைத்துவிட்டு மறுவாரம் அடியோடு நிறுத்தக்கூடாது. அளவு ஒரே சீராக இருக்கட்டும். பல் பிடுங்குவதற்கு முன் வால்வு இருப்பதைச் சொல்லிவிடவேண்டும். குழந்தை பெற நினைக்கும்போதே டாக்டரைக் கேட்கவேண்டும். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விட, வால்வு கெடாமலே பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. குழந்தை தொண்டை வலிக்கிறது என்றால் கஷாயத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் ஜுரம் என்று சொல்லி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போடச் சொன்னால், "இப்போதுதான் நன்றாக இருக்கிறாளே" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.