சுழல்வதற்கு வேண்டிய இடம்

இறுக்கிப் பூட்டியதே உறுதியானது என்னும் எண்ணம் நம் வீடுகளில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. கட்டிற்காலுக்கு அது பொருந்தலாம். சுழல வேண்டிய உறுப்புக்குப் பொருந்தாது.

சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பிழைப்பை நாடி வந்த ஊரில் நம்மவர் பலர் முதன்முதலில் வாங்கிய சொத்து அதுவாகத்தான் இருக்கும். சக்கரம் ஓடும்போது நடுவிலுள்ள அச்சு சுழல்வதில்லை. அதைச் சுற்றி ஹப் சுழல்கிறது. ஹப்பினுள் கிண்ணம் போன்ற கப். அச்சில் திருகப்பட்ட கூம்பு வடிவான கோன். இரண்டிற்கும் நடுவே எஃகுக் குண்டுகள். சுமை முழுவதையும் தாங்குபவை இக்குண்டுகளே. கோனை உள்ளே திருகினால் அவற்றுக்குள்ள இடம் குறையும். வெளியே திருகினால் பெருகும்.

சக்கரம் ஆடுகிறதென்று கொண்டுபோனால், சில கடைகளில் ஸ்பேனரைப் போட்டுப் பலங்கொண்ட மட்டும் முறுக்கிவிடுகிறார்கள். ஆட்டம் நின்றதைக் கண்டு நாமும் மகிழ்ந்து காசு கொடுத்து வருகிறோம். உள்ளேயோ குண்டுகள் உருள வழியின்றி நெருக்குண்டு, கோனின் வழவழப்பான முகத்தில் முதலில் புள்ளிகளையும் பின்பு பள்ளங்களையும் உண்டாக்குகின்றன. மிதிப்பவர் தமக்கு வயதாகிவிட்டதென்று எண்ணிக்கொள்கிறார்! தளர விட்டாலும் கேடுதான். குண்டுகள் கப்பை அடித்துக் குழியாக்கும். சக்கரம் சாய்ந்து பிரேக் கட்டையில் உராயும். முன்தண்டில் குழந்தையை உட்காரவைத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தையர் இதைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

ஆலைகளில் பணிபுரியும் அன்பர்களுக்கு இது புதிதன்று. நுட்பமாக நழுவிச் சுழல வேண்டிய ஒருவகைப் பொருத்தத்தில், 25 மில்லிமீட்டர் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே குறைந்தது 7 மைக்ரான், மிகுந்தால் 41 மைக்ரான் விடுகிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்விடம் வீணன்று. எண்ணெய் படலமாக நிற்பது அங்கேதான். சூட்டினால் தண்டு பருக்கும்போது இடங்கொடுப்பதும் அதுவே.

நிற்க. வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, காற்றடைக்கும் வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள். வால்வின் பளுவே சக்கரத்தை மெல்லச் சுழற்றி அதனைக் கீழே கொண்டுவருதல் வேண்டும். வாராவிடில் கோன் இறுகியிருக்கிறது. பிறகு விளிம்பைப் பற்றி இடவலமாக அசைத்தால் 'டக்'கென்ற ஓசை எழலாகாது. கோனை விரலால் முட்டத் திருகி, கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் பின்வாங்கிப் பூட்டு நட்டைப் போடுவது வழக்கம். நட்டை முறுக்கும்போது கோன் சிறிதே உள்ளே நகரும். ஆதலின் பூட்டிய பின்னரும் ஒருமுறை வால்வை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.